தலை சுற்றினால் அது குண்டலினி அல்ல

கேள்வி: போச்சம்பள்ளி பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். வயது 54. நான்கு வருடமாக பிரஷருக்கு மாத்திரை, கொஞ்சம் சர்க்கரையும் உண்டு. இரண்டு மாதமாக விடியற்காலை யோகா வகுப்புக்குப் போகிறேன். கபாலபாதி 300 முறை, அப்புறம் மூச்சை அடக்குவது, சுவரோரமாகச் சிரசாசனம். தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. ‘கழிவு வெளியேறுது, குண்டலினி அசையுது’ என்கிறார் மாஸ்டர். அவர் சொல்லி மூன்று வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டேன். அடுத்த மாதம் 7 நாள் முகாம், 18,000 ரூபாய். 2,000 அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. சேர்த்துவிட்டவர் என் பங்காளி. போகலாமா? இதில் ஆன்மிக முன்னேற்றம் உண்டா?

பதில்: மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நாளைக் காலை வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கிளம்புங்கள். பிரஷரைப் பார்க்கச் சொல்லுங்கள், மூன்று வாரமாக மாத்திரை போடவில்லை என்பதை மறைக்காதீர்கள். எதை, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று டாக்டர் சொல்வார். விட்டதையெல்லாம் சேர்த்து இரண்டிரண்டாகப் போட வேண்டாம். இடையில் வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள், மாஸ்டரை அல்ல.

பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. இலவசமாக வரும் மாத்திரையை நிறுத்துவதற்கு 18,000 ரூபாய் கட்டுகிறோம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சரி, தலைச்சுற்றல். கபாலபாதியில் வேகவேகமாக மூச்சைத் தள்ளும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது கெட்ட வாயுதானே, போகட்டும் என்று தோன்றும். ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்காமல் இருக்க அது ஓரளவு வேண்டும். குறைந்தால் குழாய்கள் சுருங்கி, தலை சுற்றும். விரலும் உதட்டோரமும் மரத்துப்போகும். அவ்வளவுதான் சங்கதி. ஈர விறகை ஊதுகுழலால் விடாமல் ஊதிய எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். அடுப்படியில் குண்டலினி எழும்பியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கபாலபாதி பிராணாயாமமே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. ஹட யோகத்தில் அது உடலைச் சுத்தப்படுத்தும் ஆறு கிரியைகளில் ஒன்று. பிரஷர் உள்ளவர் அதைத் தொட வேண்டாம்.

மூச்சை அடக்குவதற்குத் திருமூலரைக் காட்டுவார்கள். கணக்கு அவருடையதுதான்: இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. மாத்திரைக்கு ஒரு நொடி என்று வைத்தாலே ஒரு மூச்சுக்கு 112 நொடி! வருடக்கணக்கில் பழகியவர்களுக்கான அளவு அது. உங்கள் மாஸ்டர் அந்த மாத்திரையைப் பிடித்துக்கொண்டு இந்த மாத்திரையை விடச் சொல்லிவிட்டார்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. சத்தம் போடும் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, முதுகைச் சாய்க்காமல் உட்காருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். நான்கு ‘டிக்’ வரை மூக்கால் இழுங்கள், ஆறு ‘டிக்’ வரை விடுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். விடும் மூச்சு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். முட்டினால் மூன்று, நான்கு என்று குறைத்துக்கொள்ளுங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம், இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்தால் பிரஷர் சில புள்ளிகள் இறங்கலாம். மாத்திரையோடு சேர்த்துத்தான் சொல்கிறேன். வாரம் இரண்டு நாள் பிரஷரை நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதானால் அவர் குறைக்கட்டும். அப்படியே ஊறுகாய் ஜாடியையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நம் பக்கத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், தெரியும்.

சிரசாசனத்தைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது அதுதான். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் இரண்டு மடங்கு வரை ஏறுகிறது. கண் நல்லபடியாக இருப்பவருக்குக் காலைக் கீழே இறக்கியதும் இறங்கிவிடும். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் இருந்தால் பார்வை நரம்பு ஏற்கெனவே தேய்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் தினமும் இந்தப் பாரம். பெரும்பாலும் அதில் வலி இருக்காது. ஓரப் பார்வை முதலில் போவதால் நாமும் கவனிக்க மாட்டோம். பாலக்கோடு பக்கமிருந்து என்னிடம் வந்த ஒரு பெரியவர் ஒரு வருடமாகச் சிரசாசனம் செய்துவந்தார். வாசல் நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டேதான் என் அறைக்குள் நுழைந்தார். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்! போன பார்வை திரும்பாது. நாற்பதைத் தாண்டிய உங்களுக்கு, அதுவும் சர்க்கரை இருக்கும்போது, கண் அழுத்தமும் விழித்திரையும் பார்க்காமல் தலைகீழாக நிற்கச் சொன்னவரை என்னவென்று சொல்ல? கண் சரியாக இருந்தாலும் பிரஷரோடு சிரசாசனம் வேண்டாம்.

யாரும் கேட்பதில்லை என்பதுதான் கோளாறு. 2015 முதல் ஒவ்வொரு ஜூன் 21-ம் தேதியும் மைதானத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துப் போட்டோ எடுக்கிறோம். மற்ற நாளில் வகுப்பெடுப்பவர் என்ன படித்தார் என்று விசாரிக்க ஆள் கிடையாது. யோகா, இயற்கை மருத்துவத்துக்கு ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஒரு வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவரும் அதே போர்டைத்தான் வைக்கிறார். அரசு மருத்துவமனை யோகா பிரிவுக்குப் போகலாமே என்றால், அது திறந்திருப்பது நீங்கள் தோப்பிலோ மண்டியிலோ நிற்கும் நேரத்தில். மாங்காய் சீசன் முடிந்த பிறகாவது ஒரு நாள் ஒதுக்கி, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அந்தப் பிரிவு எங்கே என்று கேட்டுப் போய்வாருங்கள்.

ஆன்மிகம் கேட்டீர்கள். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி முனிவர் சொன்ன எட்டுப் படிகளில் பிராணாயாமம் நான்காவது. இயமம், நியமம், ஆசனம் அதற்கு முன்னால் வருகின்றன. பொய் சொல்லாமை, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை எல்லாம் முதல் படியான இயமத்தில். முகாம் நடத்துபவர் அந்தப் படியைத் தாண்டிவிட்டாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட முகாம்களில் ஆள் சேர்ப்பவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் இருக்கலாம். அழைப்பு சொந்தக்காரர் வழியாக வருவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கொடுத்த 2,000 போனதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 16,000 உங்கள் பையிலேயே இருக்கட்டும். பங்காளி முகம் கோணாமல் மறுக்க வேண்டுமென்றால், கண்ணைக் காட்டிவிட்டு வந்து, ‘கண் டாக்டர் கூடாது என்றுவிட்டார்’ என்று சொல்லுங்கள்.