சைலன்சரை மாற்றினேன், வண்டி வெடிக்கிறது: ஜெட் கிட் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இருக்கிறது. போன மாதம் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் கோன் ஏர் ஃபில்டரும் போட்டேன். இப்போது ஆக்சிலேட்டரை விட்டால் படபடவென வெடிக்கிறது, 60-க்கு மேல் இழுக்க மாட்டேன் என்கிறது. கடைக்காரர் 4,000 ரூபாய்க்கு ஜெட் கிட் வாங்கச் சொல்கிறார், இல்லையென்றால் பெரிய கார்புரேட்டரே போட்டுவிடலாம் என்கிறார். எதை வாங்குவது? (ஈரோடு வாசகர்)

பதில்: இரண்டையுமே வாங்காதீர்கள். இன்ஜினுக்குள் காற்று கூடிவிட்டது, பெட்ரோல் பழைய அளவிலேயே வருகிறது. அவ்வளவுதான் கோளாறு. அதற்குச் சில நூறு ரூபாய் ஜெட்கள் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளைத் திருகுகள்) போதும். கிட்டில் ஏழெட்டு அளவு இருக்கும். நீங்கள் போடப்போவது இரண்டு. பெரிய கார்ப் போட்டால் ஜெட் அளவு தேடும் வேலை முதலிலிருந்து தொடங்கும்.

காசு எடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள். பெண்ட் பைப் (சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய்) இன்ஜின் ஹெட்டோடு சேரும் இடத்தில் கேஸ்கட் சரியாக உட்காராவிட்டாலும் இதே வெடிச்சத்தம் வரும். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த கையோடு அந்த மூட்டின் அருகே கையைக் காட்டினால் காற்று ஊதுவது தெரியும். அங்கே ஒழுக்கில்லை என்றால், ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் வண்டி திணறும்போது, கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். இழுவை கூடினால் பெட்ரோல் பற்றவில்லை என்று அர்த்தம். இன்னும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். பெரிய ஜெட் போட்டால் பிளக் கரிதான் பிடிக்கும்.

எந்த ஜெட் என்பதை ஆக்சிலேட்டர் பிடியே சொல்லிவிடும். பிடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். பெட்ரோல் அளவைத் தீர்மானிப்பது கால் பங்குவரை பைலட் ஜெட்டும் மிக்சர் ஸ்க்ரூவும் (கலவையைத் திருகிச் சரிசெய்யும் ஸ்க்ரூ), நடுவில் நீடில் என்ற ஊசி, முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். உங்கள் வண்டி 60-க்கு மேல் திணறுவது முக்கால் கோட்டைத் தாண்டியபிறகு என்றால் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும். ஆக்சிலேட்டரை விடும்போது வெடிப்பது பெரும்பாலும் பைலட்டின் வேலை. இப்போது இருக்கும் ஜெட்டின் மேல் பொறித்த எண்ணைப் பார்த்து, மெயினில் அடுத்த இரண்டு அளவும் பைலட்டில் அடுத்த ஓர் அளவும் வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிளக் முனை வெளிர் பழுப்பாக வந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் இன்னும் பெட்ரோல் போதவில்லை.

உங்கள் கார்ப் மிக்குனி. அதே கம்பெனி ஜெட்தான் வேண்டும். கெய்ஹின் என்ற இன்னொரு கம்பெனி ஜெட்டில் எண் ஓட்டையின் விட்டம், மிக்குனியில் பெட்ரோல் பாயும் அளவு. இரண்டிலும் 110 என்றிருந்தாலும் ஒன்றல்ல. “இருக்கிற ஜெட்டையே லேசா பெருசாக்கித் தர்றேன்” என்று கம்பியைக் கையில் எடுக்கும் மெக்கானிக்கிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஓட்டை ஒருமுறை கோணினால் அந்த ஜெட் குப்பைக்குத்தான்.

அப்புறம், அந்தக் கோன் ஃபில்டர். என்னைக் கேட்டால் அதைக் கழற்றிவிட்டுக் கம்பெனி ஃபில்டரையே திரும்பப் போடச் சொல்வேன். இந்த வகை கார்பில் காற்றுவழியைத் திறக்கும் ஸ்லைடைத் தூக்குவதே காற்றின் வேகம்தான். திறந்த ஃபில்டரில் காற்று சீராக வராது, நடு ஆக்சிலேட்டரில் தடுமாறிக்கொண்டே இருக்கும். மழையும் புழுதியும் வேறு. பழைய ஃபில்டர் ஏறிவிட்டால் பல வண்டிகளுக்கு ஓர் அளவு பெரிய மெயின் ஜெட்டே போதும்.

பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2029-இல் பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டும்போது அது வேண்டியிருக்கும். அதற்கு முன்பே புது சைலன்சரின் சத்தத்துக்காகப் போலீஸ் நிறுத்தினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய்வரை அபராதம் விழலாம். அந்தப் பிரச்சினையை எந்த ஜெட்டும் தீர்க்காது.