படிக்க வைத்த இடத்துக்கு என்ன செய்வது?

கேள்வி (வாசகி, ஈரோடு): மகளுக்கு ஐ.ஐ.எம்.மில் இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 20 லட்சத்துக்கு மேல் போகிறது, வீட்டை அடமானம் வைக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். பெப்சிகோ கம்பெனியின் தலைவராக இருந்த இந்திரா நூயி மாதிரி ஆட்கள் எம்.பி.ஏ. படித்ததால் உயர்ந்தார்களா, படிக்காவிட்டாலும் உயர்ந்திருப்பார்களா?

பதில்: முதலில் அடமானப் பேச்சை நிறுத்துங்கள் அம்மா. ஐ.ஐ.எம். போன்ற முன்னணி நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்குச் சொத்துப் பிணை கேட்காமலே வங்கிகள் கல்விக் கடன் தருகின்றன. 2024 கடைசியில் வந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்திலும் பிணை வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம். கடன் உங்கள் மகள் பேரில் இருக்கட்டும், வீடு வீடாகவே இருக்கட்டும்.

இந்திரா நூயி விஷயத்துக்கு வருகிறேன். தி.நகர் ஹோலி ஏஞ்சல்ஸ் பள்ளி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல், 1976இல் கொல்கத்தா ஐ.ஐ.எம். பட்டம். அதன்பின் மேட்டூர் பியர்ட்செல் என்ற கம்பெனியில் ஜவுளி விற்பனை, பிறகு ஜான்சன் அண்ட் ஜான்சனில் ஸ்டேஃப்ரீ நாப்கினை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவரும் வேலை. அந்தக் காலத்தில் நாப்கினுக்கு வெளிப்படையாக விளம்பரம் செய்ய முடியாது, பெண்களை நேரில் சந்தித்துப் பேசித்தான் விற்க வேண்டும். இருபது சொச்சம் வயதுப் பெண்ணின் கையில் இப்படி ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள் என்றால், அதற்குக் கொல்கத்தா பட்டமும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் அவர் 1978இல் மறுபடி மாணவியாகி அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே மேலாண்மைப் பள்ளி தொடங்கி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் வாங்கிய பட்டத்துக்கு எம்.பி.ஏ. என்ற பெயர்கூடக் கிடையாது, பொது மற்றும் தனியார் மேலாண்மையில் முதுகலை என்று பெயர், அதாவது கம்பெனி நடத்தப் போகிறவரும் அரசாங்க வேலைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ போகிறவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள். 2006 முதல் 2018 வரை பெப்சிகோவின் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது லாபத்தோடு சர்க்கரை, உப்பு, தண்ணீர்ச் செலவு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாரே, அந்தப் பழக்கம் இந்த வகுப்பறையில் வந்தது என்பது என் எண்ணம். திறமை அவரிடம் ஏற்கெனவே இருந்தது, சரி. ஆனால் 1980இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தின் வாசலுக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது யேல் பட்டம். மகளை அனுப்பி வையுங்கள்.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): இந்திரா நூயி சேலை கட்டிக்கொண்டு அமெரிக்காவில் நேர்முகத் தேர்வுக்குப் போனார் என்று சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான், அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். கையில் காசில்லை, விடுதியில் நள்ளிரவு முதல் விடியும்வரை வரவேற்பாளர் வேலை பார்த்தார், அந்த நேரத்துக்குக் கூலி கொஞ்சம் கூடுதல் என்பதால். அந்தப் பணத்தில் மலிவாக ஒரு கோட்டும் பேண்ட்டும் வாங்கினார், இரண்டும் பொருந்தவில்லை, தேர்வு அறைக்குள் நுழைந்ததுமே கூனிக் குறுகிப் போனார். அழுதுகொண்டே வந்தவரிடம் யேல் மேலாண்மைப் பள்ளியின் வேலைவாய்ப்புப் பொறுப்பாளர், இந்தியாவில் என்றால் எதை உடுத்துவாய் என்று கேட்டிருக்கிறார். சேலை என்றதும், அடுத்த முறை அதையே கட்டிக்கொண்டு போ என்றாராம். பூஸ் ஆலன் என்ற ஆலோசனை நிறுவனத்தின் தேர்வுக்குச் சேலையில் போனார், கோடைகால வேலை கிடைத்தது. நான் இந்தக் கதையில் கவனிப்பது அந்தப் பொறுப்பாளரைத்தான். புதிதாக வந்த ஒரு வெளிநாட்டு மாணவிக்காகச் சில நிமிடம் ஒதுக்கினார், அவ்வளவுதான் அவர் செய்தது.

கேள்வி (வாசகர், மதுரை): 2016இல் இந்திரா நூயி யேலுக்குப் பெருந்தொகை கொடுத்தார். ஏற்கெனவே பணத்தில் மிதக்கும் பல்கலைக்கழகம் அது. நம் ஊர்க் கல்லூரிகளை யார் பார்ப்பது?

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம். எவ்வளவு கொடுத்தார் என்பதை வெளியிடவில்லை. ஆனால் மேலாண்மைப் பள்ளியின் டீன், அதாவது தலைவர், பதவிக்கே அறக்கட்டளை வைத்தார், அசலைத் தொடாமல் அதில் வரும் வருமானத்தை மட்டும் ஆண்டுதோறும் செலவழிப்பார்கள். பெரிய வணிகப் பள்ளி ஒன்றில் டீன் பதவிக்கு இப்படி நிதி வைத்த முதல் பெண் அவர்தான். 2019இல் பொறுப்புக்கு வந்த கெர்வின் சார்ல்ஸின் பதவிப் பெயரே 'இந்திரா கே. நூயி டீன்'.

இதில் நம் ஊர் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. யேல் என்ற பெயர் வந்ததே எலிஹு யேலால், 1687 முதல் 1692 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்தவர். அடிமைகளைக் கப்பலேற்றிய நிர்வாகம் அது. இங்கே சேர்த்த செல்வத்திலிருந்துதான் 1718இல் துணி மூட்டைகளும் புத்தகங்களும் அந்தக் கல்லூரிக்குப் போயின, விற்றதில் சுமார் 560 பவுண்டு கிடைத்தது, நன்றிக்குக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதே சென்னையில் பிறந்த ஒரு பெண், தான் உழைத்துச் சம்பாதித்ததைக் கொடுத்து அங்கே தன் பெயரை எழுத வைத்திருக்கிறார் என்பதில் எனக்கு மனம் நிறைகிறது, ஒளிப்பானேன்.

நம் ஊர்க் கல்லூரிக்கும் வந்திருக்கிறது. இந்திராவின் அக்கா சந்திரிகா டாண்டன், ஆமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்தவர். கிறித்தவக் கல்லூரியில் சேர அம்மா சம்மதிக்கவில்லை என்று பட்டினி கிடந்தார், கடைசியில் பள்ளித் தலைமைக் கன்னியாஸ்திரி வந்து பேசித்தான் அனுமதி வாங்கித் தந்தார். இன்று அந்தத் தாம்பரம் வளாகத்தில் பாய்ட்-டாண்டன் வணிகப் பள்ளி நடக்கிறது. இவரும் கணவரும் 2015இல் நியூயார்க் பல்கலைக்கழகப் பொறியியல் பள்ளிக்கு 10 கோடி டாலர் கொடுத்தார்கள்.

உங்கள் கோபத்தின் மீதிப் பாதியைச் சொல்கிறேன். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இப்படி யாரும் வருவதில்லை. தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் ஒரு செமஸ்டரையே விடும் முதல் தலைமுறை மாணவிகள் அங்கேதான் இருக்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு வகுப்பின் கட்டணத்தையே ஏற்கலாம், அதற்குக் கோடீசுவரர்கள் தேவையில்லை. மதுரையில் நீங்களே தொடங்குங்களேன்.

கேள்வி (இளைஞர், சென்னை): எம்.பி.ஏ. முடித்து மூன்று வருடமாகக் கடன் தவணை கட்டுகிறேன். கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கம் நிதி கேட்கிறது. இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: தம்பி, கடனை முடித்துவிட்டுக் கொடுங்கள், யாரும் உங்களைத் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

யேல் மாணவர்கள் 1979லேயே ஒரு ஏற்பாடு செய்தார்கள், இந்திரா அங்கே படித்துக்கொண்டிருந்த காலம்தான். கோடையில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தவர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைப் பொதுவில் போடுவார்கள், அது தொண்டு நிறுவனத்திலோ அரசுத் துறையிலோ குறைந்த கூலிக்குக் கோடை வேலை பார்க்கும் சக மாணவர்களுக்குப் போகும். இன்னும் பட்டமே வாங்காதவர்கள், தங்களைவிடக் கொஞ்சம் கையிறுக்கமாக இருக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்குக் கொடுத்தார்கள்.

உங்களிடம் இப்போது இருப்பது அனுபவம், அதைக் கொடுங்கள். சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஜூனியர்களுக்கு மாதிரி நேர்முகத் தேர்வு நடத்துங்கள், பயோடேட்டாவைத் திருத்திக் கொடுங்கள், எந்தக் கம்பெனியில் கைக்கு எவ்வளவு வரும் என்ற உண்மையான கணக்கைச் சொல்லுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்குவார்கள், அவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

பணம் கொடுக்கும் நாள் வந்தால், யாருடைய கட்டணத்துக்குப் போகிறது என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். நீங்கள் பழைய வருமான வரி முறையில் இருந்து, அறக்கட்டளையும் பதிவு பெற்றிருந்தால் சலுகை உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது கிடைக்காது, வங்கி வழியாகவே அனுப்புங்கள்.