மட்டக்களப்பில் கட்டும் பெரிய வீட்டுக்கு விதிப்படி காற்றோட்டம் அமைப்பது எப்படி?

கடற்கரையை அண்டி 5,000 சதுர அடியில், ஐந்து படுக்கையறைகளுடன் கட்டவிருக்கும் வீட்டில் எல்லா அறைகளுக்கும் ஏசி பூட்டப்போவதால், காற்றோட்டத்துக்கென்று தனியாகச் செலவழிக்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். சுவரில் பூட்டும் ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறதே தவிர, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை.

கட்டட அனுமதிக்காக மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கொடுக்கும் வரைபடத்தில், அறையின் தரைப்பரப்புக்கு ஏற்ற யன்னல் திறப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த விதி யன்னலைத் திறந்து வைத்து வாழும் வீட்டுக்குப் போதுமானது. அடைத்துக் குளிரூட்டும் வீட்டுக்கு நான், அமெரிக்காவின் குளிரூட்டல் பொறியியலாளர் சங்கமான ஆஷ்ரே வீட்டுக் காற்றோட்டத்துக்கென வகுத்த 62.2 தரநிலையையும் சேர்த்தே கணக்கிடுவேன். நிமிடத்துக்கு, தரைப்பரப்பின் ஒவ்வொரு சதுர அடிக்கும் 0.03 கன அடி, படுக்கையறைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி ஒவ்வொன்றுக்கும் 7.5 கன அடி என்பது அதன் சூத்திரம். உங்கள் வீட்டுக்கு 150 உடன் 45 சேர்ந்து, நிமிடத்துக்கு 195 கன அடி வெளிக்காற்று தேவைப்படும். பிரதான அறையில் இருவர், ஏனைய அறைகளில் ஒவ்வொருவர் என்பதே இச்சூத்திரத்தின் எடுகோள். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் பெற்றோரும் மகள் குடும்பமும் சேர்ந்து வாழ்வது நம் பகுதியின் வழக்கம் என்பதால், மேலதிகமாக வசிக்கும் ஒவ்வொருவருக்கும் இன்னும் 7.5 கன அடி கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் காற்று எந்த வழியால் உள்ளே வருகிறது என்பதில்தான் நம் கரையோர வீடுகள் பெரும்பாலும் தவறிவிடுகின்றன. வெளியேற்றும் விசிறிகளை மட்டும் பூட்டினால், அவை வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்குகளாலும் கூரை இடைவெளிகளாலும் கடலோரத்து ஈரக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, குளிர்ந்த சுவரிலும் அலுமாரியின் பின்புறத்திலும் நீராகப் படிந்து பூஞ்சணமாகிவிடும். ஆகவே வடிகட்டி வழியாக வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் தனிக் குழாய் ஒன்று அவசியம். பணம் இடங்கொடுத்தால், வெளியேறும் காற்றுக்கும் உள்ளே வரும் காற்றுக்கும் இடையே வெப்பத்தோடு ஈரத்தையும் பரிமாறும் மீட்புக் கருவியையே (ERV) வாங்குங்கள். வெப்பத்தை மட்டும் பரிமாறும் வகை குளிர்நாடுகளுக்குப் பொருந்தும், இங்கே அதனால் பெரிய பயனில்லை. காற்றை உள்ளெடுக்கும் வாயை மின்பிறப்பாக்கியின் புகைக்குழாய், மலக்குழியின் காற்றுக்குழாய் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி வையுங்கள். வாடைக்கால மழை காற்றோடு சாய்ந்து அடிப்பதால் அந்த வாயை வடகிழக்குப் பக்கம் வைக்க வேண்டாம். உப்புக்காற்று தகரத்தை விரைவில் அரித்துவிடும் என்பதால், வெளியில் தெரியும் பாகங்கள் பிளாஸ்டிக்காகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்கட்டும்.

குளியலறை ஒவ்வொன்றுக்கும் வேண்டும்போது இயக்கும் விசிறி என்றால் நிமிடத்துக்கு 50 கன அடியும், இடைவிடாமல் ஓடுவது என்றால் 20 கன அடியும் போதும். அந்தக் காற்று கூரையைத் தாண்டி வெளியே போக வேண்டும். சீலிங்குக்கு மேலே விட்டுவிட்டால் ஈரம் மரத்திலேயே தங்கிவிடும்.

குசினிக்கு அடுப்பின் மேல் பூட்டும் புகைபோக்கி விசிறிக்கு நிமிடத்துக்கு 100 கன அடி என்பது குறைந்தபட்சம். மீன் பொரியலும் தாளிதமும் அன்றாடம் நடக்கும் வீட்டுக்கு அது போதாது என்பதே என் கருத்து. ஆனால் பெரிய புகைபோக்கி ஒன்றை வாங்கி அடைத்த வீட்டுக்குள் பூட்டுவதும் சரியல்ல. அமெரிக்க வீட்டுக் கட்டட விதிக்கோவை, எரிபொருள் எரிக்கும் சில வகைக் கருவிகள் உள்ள வீட்டில் 400 கன அடிக்கு மேற்பட்ட புகைபோக்கிகளுக்கு, வெளியேறும் காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று வரத் தனிவழியைக் கேட்பதற்கு நல்ல காரணம் உண்டு. கனமான சமையலுக்கு, திறந்த யன்னல்களுடன் பின்புறத்தில் ஒரு குசினி கட்டுவது இதைவிட எளிது, மலிவும்கூட.

மண்டபத்தையும் விறாந்தையையும் ஏசி இல்லாமலே விடுங்கள். பிற்பகலில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று குறுக்காகப் போக எதிர்ப்பக்கத்திலும் திறப்பு வேண்டும். மேற்கிலிருந்து கச்சான் காற்று வெப்பமாக வீசும் மாதங்களில் மேற்கு யன்னல்களைப் பகலில் அடைத்து இரவில் திறக்கலாம். நுளம்பு வலை காற்றைக் கணிசமாகத் தடுப்பதால் திறப்பின் அளவைச் சற்றுக் கூட்டியே வரையச் சொல்லுங்கள்.

விசிறிப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, குழாய் பூட்டாத நிலைக்குரியதாகவே பெரும்பாலும் இருக்கும். வளைவுகளும் சுருண்ட நெளிகுழாயும் அதைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும். ஆகவே சீலிங் பலகை அடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு வாயிலும் காற்றை அளந்து காட்ட வேண்டும் என்று கொந்தராத்து ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.