பருத்திப்பாலில் பசு எங்கே? – அடுப்படி அக்கா பதில்கள்

பேர் ஒன்றும் பண்டம் ஒன்றுமாக இருக்கும் தின்பண்டங்களைப் பற்றிப் போன இதழில் கேட்டிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. மதுரைப் பக்கம் கல்யாண வீடுகளுக்குச் சமைத்துப் போடுகிறவள் நான். பேரை விட்டுவிட்டுச் சட்டிக்குள் என்ன போகிறது என்று பார்ப்பதுதான் என் வழக்கம். பதில்களும் அந்த வழியில்தான்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த என் மருமகள் பருத்திப்பால் என்றாலே முகத்தைச் சுளிக்கிறாள். "மாட்டுக்குப் போடுறதையா குடிக்கிறீங்க?" என்கிறாள். வீட்டிலேயே வைத்துக் கொடுத்து அவள் மனதை மாற்ற முடியுமா அக்கா? – வாசகி, திருமங்கலம்

மருமகள் சொல்வதில் பொய் இல்லையே! மாட்டுக்கு வைக்கும் அதே பருத்திக்கொட்டைதான். ஆனால் மாட்டுப் பால் ஒரு சொட்டுக்கூட இதில் கிடையாது.

கால் கிலோ கொட்டையை இரவே ஊற வையுங்கள். காலையில் நன்றாகத் தேய்த்து, பஞ்சும் அழுக்கும் போகும்வரை நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். இதில் சோம்பல் பட்டால் பால் கறுத்துப் போகும், மண்ணும் கடிபடும். பிறகு ஆட்டி, வெள்ளைத் துணியில் பிழியுங்கள். தேங்காய்க்கு எடுப்பது போலவே முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று எடுத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து அடி கனத்த பாத்திரத்தில் ஊற்றி, தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். கையை எடுத்தால் அடி பிடிக்கும். பச்சை வாடை போனதும், ஊற வைத்து அரைத்த பச்சரிசி ஒரு கைப்பிடியைக் கரைத்து விடுங்கள். கெட்டிப்படுவது அரிசியால்தான். அப்புறம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, சுக்குப்பொடி, ஏலக்காய், துருவிய தேங்காய் போட்டு இறக்குங்கள். கருப்பட்டி போட்டால் இன்னும் விசேஷம். சளி பிடித்த தொண்டைக்கு இந்தச் சுக்குக் காரமும் சூடும் அத்தனை இதம்.

ஒரு எச்சரிக்கை. விதைப்புக்கு விற்கும் கொட்டையில் பூச்சி மருந்து கலந்து சாயம் ஏற்றியிருப்பார்கள். அதை அடுப்படிப் பக்கமே கொண்டுவராதீர்கள். நாட்டு மருந்துக் கடையில், குடிக்கப் பால் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். மருமகளுக்கு முதல் தடவை எதையும் விளக்காமல் ஒரு டம்ளர் கொடுங்கள். விளக்கமெல்லாம் இரண்டாவது டம்ளருக்கு.

நாங்கள் சுத்த சைவம். ஜிகர் என்றால் ஈரல் என்று பக்கத்து வீட்டு பாய் சொன்னதிலிருந்து என் மாமியார் ஜிகர்தண்டாவைத் தொட மாட்டேன் என்கிறார். – வாசகி, மேலூர்

பாய் சொன்னது சரிதான். ஆனால் ஈரலைக் குளிர வைக்கிறது என்றுதான் அந்தப் பேர், ஈரலைப் போட்டுச் செய்வதில்லை. சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், பாதாம் பிசின், மேலே ஐஸ்கிரீம். வாயில் வழவழவென்று வழுக்குகிறதே, அதுதான் மாமியாரைப் பயமுறுத்தியிருக்கும். அது மரத்தில் வடிந்து காய்ந்த பிசின். இரவு ஊறினால் பல மடங்கு உப்பிவிடும். சில இடங்களில் கடல்பாசி போடுவார்கள், அதுவும் கடலில் விளையும் பாசியிலிருந்து எடுப்பதுதான். ஐஸ்கிரீமில் முட்டை உண்டா என்று மட்டும் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் மாமியாரை மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாக் கடைக்குக் கூட்டிப் போங்கள்.

தேன் மிட்டாயில் தேன் எங்கே? – வாசகர், உசிலம்பட்டி

கடிதத்திலேயே இருக்கிறதே, பேரில். உள்ளே இருப்பது சீனிப்பாகு.

சிக்கன் 65 என்பது 65 மிளகாயா, 65 துண்டா, 65 நாள் கோழியா? – வாசகர், வாடிப்பட்டி

மூன்றையும் நானும் கேட்டிருக்கிறேன். சென்னை புகாரி ஓட்டலில் 1965-ல் வந்தது என்பதுதான் அதிகம் சொல்லப்படுவது. நீங்கள் வருத்தப்பட வேண்டியது எண்ணைப் பற்றி அல்ல தம்பி, சாயப்பொடியைப் பற்றி. காஷ்மீரி மிளகாய்த்தூள் போட்டாலே போதுமான சிவப்பு வரும். விரலில் ஒட்டி, சோப்புப் போட்டும் போகாத சிவப்பை நம்பாதீர்கள்.

ஆள் பேரில் நின்ற பண்டம் வேண்டுமென்றால் பக்கத்துத் திண்டுக்கல்லில் இருக்கிறது. 1957-ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த பிரியாணிக் கடைக்கு அவர் வைத்த பேர் ஆனந்த விலாஸ். அவர் தலையில் எப்போதும் தலைப்பா இருக்கும். ஜனங்கள் போர்டைப் படிக்கவில்லை, தலையைப் பார்த்தார்கள். தலப்பாக்கட்டி என்று ஆகிவிட்டது.

அமெரிக்காவில் இருக்கும் பேரன் ஹாட் டாக் சாப்பிட்டேன் என்று போனில் சொன்னான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. – ஒரு பாட்டி, சோழவந்தான்

அம்மா, நாய் இல்லை. கறியை மசிய அரைத்துக் குழல் மாதிரி அடைத்து, நீள ரொட்டியைப் பிளந்து நடுவில் வைத்துக் கொடுப்பார்கள். அந்தக் கறி மாடா, பன்றியா, கோழியா என்பதைப் பேரனிடமே கேளுங்கள். கேட்காமல் இருந்தாலும் நல்லது.

பொருள்விளங்கா உருண்டைக்கு ஏன் அந்தப் பேர்? கடித்தால் பல்தான் போகிறது. – வாசகி, திருப்பரங்குன்றம்

பொரிவிளங்காய் என்றும் சொல்வார்கள், விளாங்காய் மாதிரி உருண்டு கெட்டியாக இருப்பதால். எங்கள் வீட்டில் பொருள்விளங்காதான். வறுத்து அரைத்த அரிசியும் பாசிப்பயறும் பொட்டுக்கடலையும் சுக்கும் தேங்காய்ச் சில்லும் சேர்ந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று விளங்காது, அவ்வளவுதான். பல் போவதற்குக் காரணம் பாகு. தண்ணீரில் விட்டால் உருட்ட வரும் பதத்தில் மாவில் கொட்டி, கைக்கு அரிசி மாவு தொட்டுச் சுடச் சுடப் பிடித்துவிட வேண்டும். பாகு முறுகி, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வரும் பதத்துக்குப் போனால் உருண்டை கல்தான். அப்படி ஆகிப் போனதை அம்மியில் தட்டி, பொடியாகக் குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

கறிக்கடையில் சுவரொட்டி கேட்டேன், என் மகன் "போஸ்டரையா வாங்குறீங்க?" என்கிறான். – வாசகர், செல்லூர்

சிரிக்கட்டும், சாப்பிடும்போது தெரியும். ஆட்டின் மண்ணீரல் அது. சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பேர் என்பார்கள். எறிந்து பார்த்த ஆளை இன்னும் நான் பார்க்கவில்லை. இரும்புச்சத்து உள்ளது, அதனால்தான் ரத்தம் ஊற வேண்டுமென்று பிள்ளை பெற்றவளுக்குத் தேடி வாங்குவார்கள். மேலே கத்தியால் நாலு கீறல் போட்டு, மிளகு, உப்பு, மஞ்சள் தடவி, நல்லெண்ணெயில் உள்வரை நன்றாக வேகவிடுங்கள். அரைவேக்காடு ஆகாது. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் கடைக்காரரிடம் முந்தின நாளே சொல்லி வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபிறகு போனால் எலும்புதான் மிஞ்சும்.