வலைக் கிடங்கில் குடியேறிய ஓவியர்கள்

கேள்வி: இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் என்ற மீனவ ஊரை ஓவியர்கள் நாடிச் சென்றதற்கு அங்குள்ள வெளிச்சமே காரணம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. பழைய ஊர் கடலுக்குள் நீண்டு கிடப்பதால், நீரிலும் மணலிலும் பட்டுத் திரும்பும் வெளிச்சம் குறுகிய சந்துகளுக்குள்ளும் பரவுவது மெய்தான். ஆனால் அந்த வெளிச்சம் என்றும் இருந்தது. ஓவியர்கள் திரளாக வந்ததோ 1880களுக்குப் பிறகுதான். 1877இல் ரயில் பாதை வந்தது. ஊரை வாழவைத்த பில்ச்சர்ட் என்னும் மத்தி இன மீனின் வரத்து குறையக் குறைய, வலைகளும் பாய்களும் வைத்திருந்த கிடங்குகளின் மேல்தளங்கள் காலியாகி, குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. அவற்றின் கூரையில் வடக்கு நோக்கி ஒரு பெரிய சன்னலை வைத்துவிட்டால், நேர்வெயில் படாத, நாள் முழுதும் அதிகம் மாறாத வெளிச்சம் ஓவியருக்குக் கிடைத்துவிடும். போர்த்மியர் கடற்கரையை ஒட்டிய அத்தகைய கட்டடம் ஒன்றில், முன்பு மீனை உப்பிட்டு அழுத்தி எண்ணெய் வடித்த கீழ்த்தளத்தை மீனவர்களும் மேல்தளத்தை ஓவியர்களும் இன்றும் பயன்படுத்துகிறார்கள். வெளிச்சத்தைப் பாராட்டுகிறவர்கள் வாடகையை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: வந்தவர்கள் வரைந்தார்கள், சரி. கடலோடிகளில் எவரும் ஓவியர் ஆகவில்லையா?

பதில்: ஆனார், அதுவும் எழுபது வயதில். இளமையில் கப்பலிலும் மீன்பிடிப் படகிலும் உழைத்து, பின்னர் பழைய கயிறும் இரும்பும் வாங்கி விற்ற ஆல்ஃபிரட் வாலிஸ், மனைவி இறந்தபின் 1925 வாக்கில் வரையத் தொடங்கினார். கான்வாஸ் வாங்க வசதியில்லாததால், ஒழுங்கற்று வெட்டிய அட்டைத் துண்டுகளில், படகுக்குப் பூசும் பெயின்டைக் கொண்டே கப்பல்களை வரைந்தார். அட்டையின் கோணலுக்கு ஏற்பக் கப்பலும் சாயும், தொலைவு நெருக்கம் பற்றிய கணக்கெல்லாம் அவரிடம் கிடையாது. 1928இல் பென் நிக்கல்சன், கிறிஸ்டோஃபர் வுட் என்ற இரு ஓவியர்கள், திறந்திருந்த கதவின் வழியே இப்படங்களைக் கண்டு வியந்தார்கள். அந்த வியப்பு அவருடைய வறுமையைத் தீர்க்கவில்லை. 1942இல் ஏழைகள் விடுதியில்தான் அவர் இறந்தார். அவருடைய கல்லறையை மூடியிருக்கும் ஓடுகள், அதே ஊரில் 1920இல் மட்பாண்டக் கூடம் தொடங்கிய பெர்னார்ட் லீச் செய்தவை.

கேள்வி: பயணிகள் பெருகியதால் ஊர்க்காரர்களுக்கு நன்மைதானே?

பதில்: 1993இல் லண்டனின் புகழ்பெற்ற டேட் கலைக்கூடத்தின் கிளை இங்கு திறக்கப்பட்டபின் வருவாய் கூடியது, வீட்டு விலையும் கூடியது. வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென வீடு வாங்கிப் பூட்டி வைப்பதைக் கண்டு சலித்த மக்கள், 2016இல் நடந்த வாக்கெடுப்பில், புதிதாகக் கட்டும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போருக்கே உரியவை என்ற விதியை 80 விழுக்காட்டுக்கும் மேலான வாக்குகளால் ஏற்றார்கள். ஆனால் ஏற்கெனவே உள்ள வீடுகளை அவ்விதி கட்டுப்படுத்தாது. மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த துறைமுகச் சந்துகளில் இருப்பவையோ பெரும்பாலும் பழைய வீடுகளே.