பயணிகள் கப்பலுக்குப் பேட்டரி போதுமா?

கேள்வி: ஆறு கிலோமீட்டர் அக்கரைக்குப் போய்வரும் பயணிகள் கப்பலை டீசல் இல்லாமல் முழுக்கப் பேட்டரியில் ஓட்ட முடியுமா? எத்தனை யூனிட் (கிலோவாட்-மணி) பேட்டரி வேண்டும்?

பதில்: முடியும். நார்வேயில் லாவிக், ஒப்பெடால் இடையே 5.7 கி.மீ. தூரத்துக்கு 'ஆம்பியர்' என்ற கப்பல் 2015இல் அப்படித்தான் ஓடத் தொடங்கியது. 120 கார், 360 பயணிகள், சுமார் 1,000 யூனிட் பேட்டரி.

பேட்டரி விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் நேர அட்டவணையைத் திருத்துங்கள். எஞ்சின் கேட்கும் சக்தி, ஏறக்குறைய வேகத்தின் கனமாக ஏறும்; அதாவது வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. 12 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) வேகத்தை 10 ஆகக் குறைத்தால் பயணம் சுமார் மூன்று நிமிடம்தான் நீளும். ஒரு நடைக்கான (ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு) மின்சாரம் 30 சதவீதம் மிச்சம். இதைவிட மலிவான பேட்டரி கிடையாது.

10 நாட்டில் 300 கிலோவாட் தேவை என்று வைப்போம். 20 நிமிடத்துக்கு 100 யூனிட். விளக்கு, ஏ.சி., கரை அணையும்போது இழுக்கும் கூடுதல் சக்தி எல்லாம் சேர்த்து இன்னொரு 20. ஆக, நடைக்கு 120 யூனிட். ஆனால் 120 யூனிட் பேட்டரி வாங்கினால் ஒவ்வொரு நடையிலும் அடிவரை வற்றி, சீக்கிரமே செத்துவிடும். கொள்ளளவில் 30 சதவீதம் மட்டும் செலவாகும்படி 400 யூனிட் வையுங்கள். வயதாகி 320க்குச் சுருங்கினாலும், ஒரு கரையில் சார்ஜர் கைவிட்டால் இரண்டு நடை போக 80 மிஞ்சும். இரண்டு பாதியாகப் பிரித்துத் தனித்தனி அறையில் வைப்பது அவசியம்.

பலர் சறுக்குவது கரையில்தான். பத்து நிமிட நிறுத்தத்தில் இணைக்க, கழற்ற இரண்டு நிமிடம் போனால், எட்டு நிமிடத்தில் 120 யூனிட் ஏற்ற 900 கிலோவாட் இணைப்பு வேண்டும். கிராமத்து மின்கம்பி இதைத் தாங்காது. ஆம்பியருக்கு இரு கரையிலும் தனிப் பேட்டரி வைத்தார்கள். கப்பல் இல்லாத நேரத்தில் மெதுவாக நிரம்பி, வந்ததும் மொத்தமாகக் கொடுக்கும்.

கேள்வி: எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) சுத்தமானது என்கிறார்களே?

பதில்: கரும்புகை, கந்தகம் விஷயத்தில் உண்மை. வெப்பமாதலில் பாதி உண்மைகூட இல்லை. எல்.என்.ஜி.யில் பெரும்பகுதி மீத்தேன். எரிவாயு, டீசல் இரண்டிலும் ஓடும் நடுத்தர வேக எஞ்சினில் எரிபொருளில் 3.1 சதவீதம் எரியாமல் நழுவுவதாக ஐரோப்பிய ஒன்றிய விதி கணக்கில் கொள்கிறது. மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வெப்பமூட்டும். இதைச் சேர்த்தால் டீசலைவிடக் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். அடிக்கடி நின்று கிளம்பும் கப்பலில் எஞ்சின் குறைந்த சுமையில் ஓடும். நழுவல் இன்னும் கூடும்.

கேள்வி: பேட்டரி தீப்பிடித்தால்?

பதில்: 2019 அக்டோபரில் நார்வேயின் 'யுட்டெரோய்னிங்கன்' கப்பலில் பேட்டரி அறையில் தீ, மறுநாள் காலை அங்கு தேங்கிய வாயு வெடித்தது. குளிரூட்டும் திரவம் கசிந்ததே தொடக்கம். எனவே திரவக் குழாய் இணைப்புகள் மின் பாகங்களுக்கு மேலே வரக்கூடாது. வாயு வெளியேற மேல்தளம் வரை தனிக்குழாய், வாயு உணரி இரண்டும் தேவை. கப்பல் துறைமுகத்தில் சும்மா நின்றாலும் பேட்டரியைக் கண்காணிக்கும் கருவியை அணைக்காதீர்கள்.