போர்ட் லூயிசில் அரை நாள்தான் இருக்கிறது, சிட்டாடெல் கோட்டைக்கு ஏறலாமா?

ஏறலாம். கல்யாணமாகி மொரிஷியஸ் வந்து பதினொரு வருஷமாகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் சிட்டாடெலுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது: கறுங்கல் சுவர், திறந்த முற்றம், சில பீரங்கிகள், அவ்வளவுதான். மேலே சுவரோரம் போய் நின்றால் ஊர் முழுக்கக் காலடியில் கிடக்கும். அதற்காகத்தான் ஏறுவது.

ஒரு பக்கம் துறைமுகம், கப்பல்கள், கோடான் கடைவீதி. நடுவில் மொரிஷியஸ் வங்கியின் உயரமான கட்டடம் கொஞ்சம் கடலை மறைக்கும், என்ன செய்வது. அப்படியே திரும்பினால் 1812 முதல் குதிரைப் பந்தயம் நடக்கிற சாம்ப் டி மார்ஸ் மைதானம். தென் அரைக்கோளத்தில் இதுதான் மிகப் பழைய பந்தயத் திடல் என்பார்கள். அதற்கும் பின்னால் மலைத்தொடர். கட்டைவிரலை நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு சிகரம் தெரியும், பெயரும் அதுவேதான்: லெ பூஸ். பிரெஞ்சில் கட்டைவிரல்.

போன வருஷம் கும்பகோணத்திலிருந்து என் சித்தப்பா வந்திருந்தார். முப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். காட்சியைப் பார்க்காமல் சுவரைத் தடவிக்கொண்டே நின்றார். அப்புறம் கேட்டார், "ஏம்மா, எதிரி கடல்லதானே வருவான்? கோட்டையைக் கொண்டாந்து ஊருக்குள்ள கட்டியிருக்கான்?"

சரியான கேள்வி. இந்தத் தீவை ஆங்கிலேயர் 1810ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகள் மட்டும் பிரெஞ்சு வம்சத்தவராகவே இருந்தார்கள். அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்ததும் அவர்கள் கலகம் செய்வார்களோ என்று ஆங்கிலேயருக்குப் பயம். 1834ல் கட்டத் தொடங்கி 1840ல் முடித்து, பிரிட்டிஷ் ராணி அடிலெய்டின் பெயரை வைத்தார்கள்; ஊர் வாயில் சிட்டாடெல்தான். கடலோடு ஊரையும் கண்காணிக்கத்தான் இந்தக் குன்று. முதலாளிகளுக்கு நஷ்டஈடு கிடைத்தது, கலகம் வரவில்லை, கோட்டை ஒரு போரும் பார்க்கவில்லை.

அதே 1834 நவம்பரில்தான் அட்லஸ் என்ற கப்பலில் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கினார்கள். பின்னால் வந்தவர்கள் கால் வைத்த ஆப்பிரவாசி காட் படித்துறை கீழே துறைமுகத்தோரம்தான் இருக்கிறது. கட்டடங்களுக்கு இடையில் தேடிப் பிடிக்க முடியாது, திசையைக் கை காட்டிச் சொல்வேன். நம் ஆட்களின் கதை அதற்கும் நூறு வருஷம் முன்னாலேயே தொடங்கியது என்றேன் சித்தப்பாவிடம். 1730களில் பிரெஞ்சு கவர்னர் லா பூர்தொனே இந்த ஊரைக் கட்டப் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுவந்தார். "கொத்தனாருமா?" என்றார். ஆமாம் என்றதும் மறுபடி சுவர்ப் பக்கம் போய்விட்டார். இது இங்கிலீஷ்காரன் கட்டியது சித்தப்பா, அது வேறு காலம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

சரி, உங்களுக்கு வேண்டியது. மேலே நிழல் கிடையாது. நான் முதல் தடவை ஜனவரியில் நண்பகலில் மாமியாரோடு ஏறி, அவர் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். காலையில் சீக்கிரம் போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் செங்குத்து, ஆனால் நீளமில்லை. முட்டி வலி உள்ளவர்கள் டாக்சி பிடிக்கலாம், ஏறுமுன் வாடகையைப் பேசிவிடுங்கள். இருட்டிய பின் தனியாக நடந்து இறங்காதீர்கள்.

இறங்கியதும் நேரே சந்தைக்குப் போங்கள். ஆலூதா என்ற குளிர்ந்த பால் பானம் குடியுங்கள், காத்தோ பிமா வாங்குங்கள். சித்தப்பா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "பருப்பு வடைக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய பேரு?" என்றார். ஆறு தின்றார்.